முதல் துடுப்பு

அமராவதிபுதூர் செம்மலை ரங்கூனுக்கு மூட்டை தூக்கப் போனவன். அங்கே ஆற்றுப் பந்தயத்தில் நம் பக்கத்து ஆட்கள் ஆறு பேர் ஒரே படகில் துடுப்புப் போட்டார்கள். முதல் ஆள் செம்மலை. முதல் ஆள் திரும்பினால் படகு சாயும். அதனால் திரும்பவே கூடாது.

பந்தயம் முடிந்து ஊருக்கு வந்தார்கள். உடம்பு சோம்பிவிடக் கூடாதென்று மார்கழி விடியலில், படகில் உட்கார்ந்த அதே வரிசையில், கண்மாய்க் கரையில் ஓடினார்கள். தை பிறந்ததும் பின்னால் காலடிச் சத்தம் குறைந்தது. ஒருவனுக்குக் கல்யாணம், ஒருவனுக்குக் கொத்து வேலை. கடைசியாகப் பெத்தனும் நின்றுவிட்டான்.

மறுநாள் தண்ணீர் எடுக்க வந்த அக்காள் ராக்காயி, “உன் பின்னால யாருமே இல்லடா, திரும்பித்தான் பாரேன்” என்றாள்.

வீம்புக்காரன், திரும்பவில்லை. பின்னால் வருகிறவன் எட்டிப் பிடிக்கட்டும் என்று வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தான்.