இரண்டு பக்கமும் சுருங்கிய நெற்றி

அந்தத் தெருவில் பார்லர்க்காரி என்றால் ஒருத்திதான். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு புருவம் திருத்த உட்கார்ந்தால் வாடிக்கைக்காரி மூச்சுவிடக்கூட அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவு கோபக்காரி. அன்று காலை பத்து மணிக்கு ஒற்றைப் புருவம் முடிந்திருந்தபோது கொழுந்தன் போன் செய்தான்.

"அண்ணி, அண்ணனுக்கு வாய் ஒரு பக்கமா கோணிக்கிச்சு. பயப்படாதீங்க, உங்களுக்கு வந்ததேதான். அம்மா எண்ணெய் தடவிட்டிருக்காங்க."

"எப்போலேர்ந்து?"

"எட்டு மணி இருக்கும்."

இரண்டு மணி நேரம் கழித்துச் சொல்கிறான், தடிமாடு. மற்றப் புருவத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

கணவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். லேத் பட்டறைக்குப் போடும் சட்டையில் பாதிப் பொத்தான்தான் மாட்டியிருந்தது. மாமியார் அவன் வலது கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, கையை எடுங்க. என்னங்க, புருவத்தைத் தூக்குங்க பாப்போம்."

தூக்கினான். நெற்றி இரண்டு பக்கமும் சுருங்கியது. இரண்டு வருடம் முன்பு அவள் முகம் கோணியபோது பாதி நெற்றி இஸ்திரி போட்டதுபோலக் கிடந்தது, அந்தப் பக்கத்துக் கண்ணும் மூடவில்லை. முக நரம்பு வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். நெற்றி அசைந்து வாய் மட்டும் கோணினால் கோளாறு மூளையில் இருக்கலாம் என்றும் சொன்னார். புருவத்தால் பிழைப்பவள் அதை மறப்பாளா?

"ரெண்டு கையையும் நீட்டுங்க."

வலது கை மெல்லக் கீழே இறங்கியது.

"இது வேற. பக்கவாதம். ஆம்புலன்சுக்குப் போன் போடுடா, மரம் மாதிரி நிக்காதே" என்று கொழுந்தன் மேல் பாய்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. "ஊசி போட்டாச்சு. உயிருக்குப் பயமில்ல. முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். கை எவ்வளவு திரும்பும்னு இப்போ சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். லேத் ஓட்டுகிற கை அது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராந்தா என்றும் பார்க்காமல் மாமியாரிடம் திரும்பினாள். "பொத்தான் போட முடியாம நின்னாரே, அப்போகூட எண்ணெய் தேய்ச்சிட்டு உக்காந்திருந்தீங்களா? வீட்ல ரெண்டு பேர் இருந்து என்ன பிரயோஜனம்?"

மாமியார் எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்தார். "நீதானேம்மா சொன்னே. ஒண்ணுமில்ல, காத்து பட்டுது, எண்ணெய் தடவினேன், தானா சரியாச்சுன்னு. எல்லார்கிட்டயும் சொன்னியே."

சொன்னாள்தான். கோணல் வாய்க்காரியிடம் யார் வந்து முகத்தைக் காட்டுவார்கள் என்ற பயம். சாமான் வாங்கப் போவதாகச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனாள், மாத்திரையைப் பார்லரிலேயே ஒளித்துவைத்துத் தின்றாள். கணவனிடம்கூட மூச்சுவிடவில்லை. அந்தப் பாழாய்ப்போன வாயை அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "காலையிலேயே உங்களைக் கூப்பிடப் போனேன் அண்ணி. அண்ணன்தான் வேணாம்னாரு. அவளுக்கு வந்ததுதான், தானா போயிடும், வேலையைக் கெடுக்காதேன்னாரு."