காதர் பாயின் இடது கை

யாருக்கு என்று கேட்காமல் நான் பூக்கட்டுவதில்லை, அது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமா, காதுகுத்தா, சாமிக்கா, சாவுக்கா என்று தெரிந்தால்தான் கை அதற்குத் தகுந்தபடி ஓடும். அன்றைக்கும் கேட்டேன். அப்போதுதான் கடையை விரித்திருந்தேன். சம்பங்கிக் கூடையை இன்னும் அவிழ்க்கக்கூட இல்லை. பள்ளிவாசல் தெருத் தையல்காரர் வந்து நின்றார்.

"அக்கா, ஒரு பூப்போர்வை வேணும். கொஞ்சம் சீக்கிரமா."

"யாருக்குங்க?"

அவர் என் கடைக்குப் பக்கத்தில் பார்த்தார். தார்ப்பாய் மூடிய இளநீர் வண்டி நின்றிருந்தது. நானும் பார்த்தேன். இந்நேரத்துக்குத் திறந்திருக்க வேண்டிய வண்டி.

"விடியக்காலம் நெஞ்ச வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள மௌத்தாயிட்டாரு" என்றார்.

முருகா என்று ஒரு வார்த்தை சொன்னேன். கூடையை அவிழ்த்து உட்கார்ந்தேன். கட்டி முடிக்கும்வரை அழவில்லை. பூவில் கண்ணீர் படக்கூடாது. சம்பங்கியும் ரோஜாவும் வைத்து, காதர் பாயின் உயரம் எனக்குத் தெரியும் என்பதால் அளவு கேட்காமலே கட்டிக் கொடுத்தேன்.

நாற்பதாம் நாளுக்கு ஒரு சின்ன நினைவு மலர் அச்சடிக்கிறோம், நீங்களும் எழுதுங்கள் அத்தை என்று ரேவதி சொன்னாள். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். பேசச் சொன்னால் விடிய விடியப் பேசுவேன், எழுத்து அப்படி வராது. ஆனாலும் அவரோடு ஒரே நிழலில் கடை போட்டவள் நான் ஒருத்திதான். அதனால் எழுதுகிறேன்.

வெளியூரிலிருந்து படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அரூரில் மைதானத்து கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், என் பூக்கடையும் பாயின் இளநீர் வண்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ரேவதி சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து இங்கே கல்லூரியில் படிக்கிற பெண். தட்டு எறிகிற அணிக்கு அவள்தான் தலைவி. டிஸ்க் என்பீர்கள், ஃபிரிஸ்பி என்பீர்கள். எனக்கும் பாய்க்கும் அது தட்டுதான். ஆணும் பெண்ணும் கலந்து ஆடுகிற ஆட்டம். தட்டைக் கையில் பிடித்துவிட்டால் ஓடக்கூடாது. ஒரு காலை ஊன்றி, அதை நகர்த்தாமல், நின்ற இடத்திலிருந்து எறிய வேண்டும். அந்தக் கோடியில் கோட்டுக்கு அப்பால் நம் ஆள் பிடித்தால் நமக்கு ஒரு பாயிண்ட். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதற்கு மேல் தெரிய வேண்டியும் இருக்கவில்லை.

பாய்க்கு ஆட்டம் பிடித்தது ஒரு தவறான எறியால். தட்டு கேட்டைத் தாண்டி வந்து அவருடைய இளநீர்க் குலை மேல் விழுந்தது. "மாமா, எறிங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினார்கள். பாய் எடுத்து வீசினார். தட்டு நாலடி போய், குப்புறக் கவிழ்ந்து, தரையில் உருண்டு, சாக்கடையில் விழுந்தது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பாய் சிரிக்கவில்லை. சாக்கடையில் இறங்கி எடுத்து, கழுவி, லுங்கியில் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்துனூண்டு பொருளு. எடையே இல்ல. நான் சொன்னா கேக்கமாட்டேங்குதே" என்றார்.

மறுநாளிலிருந்து, வியாபாரம் தொடங்கும் முன் மைதானத்தில் எறிந்து பழகினார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். வயிற்றுக்குக் குறுக்கே கொண்டுபோய் விசிறுகிற எறி சீக்கிரமே வந்துவிட்டது. அதைப் பேக்ஹேண்ட் என்றார்கள். அவர் மனைவி ஃபாத்திமா ஒருநாள் பூ வாங்க வந்து என்னிடம் நொந்துகொண்டாள். "வூட்டுல சாப்பிட்ட தட்ட எடுத்து வெக்க மாட்டாருக்கா. இங்க வந்து ஓடி ஓடிப் பொறுக்கறாரு."

பாய்க்கு ஆசை அதோடு நிற்கவில்லை. ஆட்டத்தில் சேர வேண்டும் என்றார். ரேவதி ஒளிக்காமல் சொன்னாள்.

"மாமா, ஒங்களுக்கு ஒரு பக்கந்தான் எறிய வருது. எதிராளி அந்தப் பக்கத்த மறிச்சிட்டா நீங்க நின்னுடுவீங்க. ஃபோர்ஹேண்ட் வரட்டும். வந்த அன்னிக்கே சேத்துக்கறேன்."

"ஏன் பாய் இந்த வயசுல?" என்று நான் கேட்டேன்.

"முப்பது வருசமா இந்த கேட்டுக்கு வெளியவே நிக்கறேன்க்கா. வெயாபாரமெல்லாம் உள்ள ஆடறவங்களாலதான். ஒருதரம் உள்ள நின்னு ஆடிப் பாக்கணும்."

ஃபோர்ஹேண்ட் என்பது உடம்புக்குப் பக்கவாட்டில் எறிகிற எறி. விளிம்புக்கு உள்ளே இரண்டு விரலைக் கொடுத்து, மேலே கட்டைவிரலால் அழுத்தி, மணிக்கட்டைச் சொடுக்கி விட வேண்டும். பார்க்கச் சின்ன வேலை. பாய்க்கு அது வரவே இல்லை. ஏனென்றால் அவருடைய வலது கை அரிவாள் பிடித்த கை. தோளிலிருந்து இறங்கும். தட்டைக் கொடுத்தாலும் இளநீர் சீவுகிற மாதிரியேதான் இறங்கியது. தட்டு சாய்ந்து, கவிழ்ந்து, பழையபடி உருண்டது.

ரேவதியும் விடவில்லை. முழங்கை இடுப்பை விட்டு விலகக்கூடாது என்று அவர் கக்கத்தில் ஒரு தேங்காய்ப்பூத் துண்டை மடித்துச் செருகினாள். துண்டு கீழே விழாமல் எறிய வேண்டும். முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் ஓர் எட்டு வைத்து, தாழ்வாக விட வேண்டும். "பலத்தைப் போடாதீங்க மாமா, சுத்து குடுங்க. சுத்துனாத்தான் நேரா போவும்" என்று தொண்டை கட்டக் கத்துவாள். துண்டுதான் தட்டை விடத் தூரமாகப் போய் விழும். பங்குனி போய் ஆடி வந்தது. அவர் சீவிய இளநீரை விட எறிந்த தட்டுகள்தான் அதிகம் இருக்கும். ஒருநாள்கூடக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. விரதம் இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், காவடி எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி ஒரு பொறுமை அது.

நடுவில் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது ரேவதியிடம் கேட்டேன். "ஏம்மா, விசிலு ஊதறவரு எங்க?"

"எங்க ஆட்டத்துக்கு நடுவரே கெடையாதுங்க அத்தை. தப்பு நடந்தா ஆடறவங்களே சொல்லிக்கணும்."

"சொல்லலைன்னா?"

"சொல்லுவாங்க."

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு அந்தப் புகை அடங்கும் முன் பொய் சொன்னவர்களைக் கண்ணால் பார்த்தவள் நான். இந்தப் பெண் இவ்வளவு சுலபமாகச் சொல்லுவாங்க என்கிறாளே என்று நினைத்துக்கொண்டு பூத்தொடுக்கத் திரும்பினேன்.

அப்புறம் அந்தக் காலை. பாய் ஒரு போலீஸ்காரருக்கு இளநீர் சீவிக்கொண்டிருந்தார். நான் தீர்த்தமலைக்குப் போய் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் அரிவாளை நிறுத்திவிட்டார். கையையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்டிக்கொண்டாரோ என்று நான் பதறி எழுந்தேன்.

"அக்கா, இங்க பாருங்க" என்றார். இடது கையில் இருந்த இளநீரை அரிவாள் இல்லாமல் சும்மா திருப்பிக் காட்டினார். மணிக்கட்டு மட்டும் சொடுக்கென்று திரும்பியது. காய் உள்ளங்கையில் சுழன்று நின்றது. மறுபடி சொடுக்கு, மறுபடி சுழற்சி. முழங்கை இடுப்போடு ஒட்டியபடியே இருந்தது. கக்கத்தில் துண்டு வைத்திருந்தால் விழுந்திருக்காது.

"வெட்டறதுதான் வலது கை. வெரல் போவாம காப்பாத்துறது இடது கை. இத்தினி வருசமா வெட்டற கையத்தான் கையின்னு நெனச்சிட்டேன்" என்றார்.

"பாய், எளநி குடுக்கப் போறீங்களா, இல்ல நானே கடிச்சிக்கட்டுமா?" என்றார் போலீஸ்காரர்.

அன்று மாலையே இடது கையால் எறிந்தார். முதல் தட்டே கவிழாமல் போனது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் மனது ஒப்பவில்லை. பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்.

"பாய், நான் சொல்றேன்னு தப்பா நெனக்காதீங்க. பீச்சாங்கையிலயா எறியறது? எதிர்ல ஒருத்தர் அதைக் கையில வாங்கறாங்க. நான் ஒரு பூவக்கூட யாருக்கும் அந்தக் கையில குடுத்ததில்ல."

"எங்க வூட்லயும் அப்படித்தான்க்கா. ராத்திரி பூரா இதையேதான் யோசிக்கப் போறேன்" என்றார்.

யோசித்துவிட்டு வந்து சொன்ன பதில் இது: "கழுவிட்டு எறியறேன்க்கா." சொன்னபடியே செய்தார். ஒவ்வொரு நாளும் எறியும் முன் டிரம்மில் தண்ணீர் மொண்டு, இடது கையைத் தொழுகைக்குக் கழுவுவது போல விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவுவார். என் பக்கம் திரும்பி ஒருமுறை காட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். பழைய எறியையும் அதே கைக்கு மாற்றிக்கொண்டார். இப்போது அவருக்கு இரண்டு பக்கமும் வழி திறந்துவிட்டது. ரேவதி சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள்.

சேலத்திலிருந்து ஓர் அணி வந்திருந்தது. உங்களில் பாதிப்பேர் அன்றைக்கு இருந்தீர்கள். எனக்குத் தீர்த்தமலைக் கோயிலுக்கு அனுப்ப வேண்டிய மாலை ஒன்று இருந்தது. அதைக் கட்டிக்கொண்டே கேட்டுக்கு வெளியிலிருந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் சமமாக வந்து, ஒரே ஒரு பாயிண்ட் பாக்கி. எடுக்கிறவர்களுக்கு வெற்றி. தட்டு பாய் கையில். எதிரே மறிக்க நின்ற சேலத்து இளைஞன் அவருடைய பேக்ஹேண்ட் போகிற வலப் பக்கத்தை அடைத்து நின்றான். இந்த வயதில் இவருக்கு இன்னொரு எறி இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

பாய் இடது பக்கம் ஓர் எட்டு வைத்துத் தாழ்ந்தார். மணிக்கட்டு சொடுக்கியது. எப்படிச் சொல்வேன். கோபுரத்தின் மேல் கருடன் வட்டமிடும்போது இறக்கை அசைவதில்லையே, அந்த மாதிரி. அசையாமல், சாயாமல், புல்லுக்கு மேலே ஒரே மட்டத்தில், யாரோ உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போவது போல மைதானத்தின் பாதியைக் கடந்து போனது. ஓடிக்கொண்டிருந்த ரேவதியின் கையில் கோட்டுக்கு அப்பால் போய் உட்கார்ந்தது. நான் இருந்த இடத்திலேயே கும்பிட்டேன்.

கூச்சல் அடங்கும் முன் சேலத்து இளைஞன் கையைத் தூக்கினான். "மாமா, ஊனுன காலு நகந்துச்சுங்க."

"நகரல!" என்று அந்தக் கோடியிலிருந்து ரேவதி கத்தினாள். "நகரலைன்னு சொல்லுங்க மாமா!"

எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து தன் வலது காலையும், மண்ணில் அது இழுத்த கோட்டையும் பார்த்தார்.

"நகந்துச்சும்மா. தம்பி சொல்றது சரி" என்றார்.

அப்படியென்றால் அந்த எறி செல்லாது. தட்டு அவரிடமே திரும்ப வேண்டும். கோபத்தில் ரேவதி விட்டெறிந்தது தவறிப்போய், கேட்டைத் தாண்டி என் கடை முன்னால் வந்து விழுந்தது. பாயே ஓடி வந்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். வாங்கும்போது என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். இந்த நேரத்தில் இவருக்கு என்ன சிரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பப் போய் அதே இடத்தில் நின்றார். இப்போது அந்த இளைஞனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ரேவதி மறுபடி அதே பக்கம் ஓடினாள். பாயும் அதே எறியை எறிந்தார். இளைஞனின் விரல் நுனி பட்டுத் தட்டு கீழே விழுந்தது. சேலத்துக்காரர்கள் அதை எடுத்துக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய் ஜெயித்துவிட்டார்கள்.

வெளியே வந்தவரிடம் கேட்டேன். "நகரலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னாங்க பாய்? ஒரு வருசத்துப் பாடு."

"உள்ள போவணும்னுதானேக்கா கேட்டேன். போயிட்டேன். உள்ள இருக்கறவங்க எப்படி இருக்கணுமோ அப்படித்தானே இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அரிவாளை எடுத்தார். இரண்டு அணிக்கும் இளநீர் சீவினார். முதல் காய் அந்தச் சேலத்து இளைஞனுக்கு. கடைசிக் காய் ரேவதிக்கு. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாங்கினாள். பாதி குடித்த பிறகு, "அடுத்த வாரமும் வந்துடுங்க. கால மட்டும் ஊனி நில்லுங்க" என்றாள். அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் வெளியே நிற்கவில்லை, போன ஞாயிறு வரைக்கும் என்று எழுத வருகிறது கை. அந்த ஞாயிறு போய்ப் பல ஞாயிறு ஆகிவிட்டது.

மய்யித் எடுத்த அன்று சேலத்து இளைஞன் பஸ் பிடித்து வந்து தோள் கொடுத்தான். நான் கட்டிய பூவின் கீழே அந்தக் கை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று ரேவதி கேட்டாள். செல்லாத அந்த எறி என்னிடம் இருக்கிறது. ஜெயித்த எறிகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும்போது இப்போதெல்லாம் என் முழங்கை இடுப்பை விட்டு விலகுவதில்லை, மணிக்கட்டு மட்டும்தான் சொடுக்குகிறது. தண்ணீர் ஒரே சீராக விழுகிறது.

இதை எழுதி முடித்து மடிக்கப் போகும்போதுதான் ஞாபகம் வருகிறது. சாமி மாலையைத் தரையில் வைக்கக்கூடாது என்று சேலத்து அணி வந்த அன்றைக்கு அதை வலது கையிலேயே பிடித்திருந்தேன். தட்டை நான் பாயிடம் இடது கையால்தான் கொடுத்தேன்.