பாட்டில்லாத இசைத்தட்டுக்கு ஒரு வெளியீட்டு விழா

கணக்காளர் வேலையை உதறிவிட்டுப் பியானோவோடு போனவள் என்று மகள்மேல் மனைவிக்குத் தீராத கோபம். அந்த மகள், பழைய ஜாஸ் பாடல்களைத் தனியே பியானோவில் ஆறுதலாக வாசித்து ஓர் இசைத்தட்டுக் கொண்டுவந்தாள். முதல் பிரதியைத் தாயின் கையில் கொடுத்தாள். "பேந்து கேக்கிறன்" என்று தள்ளிப்போட்டு, மனைவி அதை ஷோகேசுக்குள் வைத்துவிட்டாள்.

அதன்பிறகு, தான் தனியே குடியிருக்கும் லொங்குய்யிலிருந்து மகள் போன் எடுக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "அப்பா, அம்மா கேட்டவவோ?" நான் பனியைப் பற்றிக் கதைத்துச் சமாளிப்பேன்.

புலம்பெயர்ந்த எங்கள் ஆட்களிடம் எது வெளிவந்தாலும் வெளியீட்டு விழா வைத்தே ஆகவேண்டும். பியர்பொன்ட்ஸ் பகுதியில் மண்டபம் எடுத்தார்கள். மங்கல விளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை. மண்டபம் அமைதியாக இருந்தது அந்த மௌன அஞ்சலியின்போது மட்டும்தான். மகளின் வாசிப்பு கடைசியில், நேரமிருந்தால்.

ஆய்வுரைக்கு வந்தவர் தட்டின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை என்பது முதல் வசனத்திலேயே தெரிந்துவிட்டது. "இந்த இளம் பாடகியின் குரல்வளம் நெஞ்சை அள்ளுகிறது. பாடல் வரிகளின் ஆழமோ சொல்லி மாளாது!" சபை கைதட்டியது. சபையும் கேட்டிருந்தால்தானே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்திலிருந்த மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

முன்வரிசையில் இருந்த மனைவி எழுந்தாள். "தம்பி, அதில ஒருத்தரும் பாடேல்லை."

"அக்கா, நான் பொதுவாச் சொன்னனான்..."

"பொதுவாச் சொல்லாதேங்கோ. இவர் வேலைக்குப் போனாப் பிறகு நான் ஒவ்வொரு நாளும் போட்டுக் கேக்கிறனான். நாலாவதில அவள் நடுவில கையை எடுத்திட்டு, கொஞ்சம் பொறுத்துத் திரும்பத் தொடங்குவாள். அந்த இடம் வந்தா எனக்கு அழுகை வரும். சொல்லுறதெண்டா அதைச் சொல்லுங்கோ."

சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். ஆய்வாளர் தண்ணீர் குடித்தார். ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

மகள் என் காதருகே குனிந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர், ஆனாலும் சிரித்தாள்.

"அப்பா, அது நான் பிழைவிட்ட இடம். அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."