நடுவில் இடமிருந்தது

காலை ஏழு மணிக்குக் கிளிநொச்சியில் ரயில் ஏறினேன். வவுனியாவுக்கு ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர். நிலையத்தில் இறக்கிவிட்ட ஓட்டோக்காரர் முந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு, "வாசலோடை நில்லுங்கோ ஐயா. உள்ளுக்குப் போனால் இறங்கமாட்டியள்" என்றார். இந்தப் பாதையில் எல்லோரும் அப்படித்தான். நானும் பையைக் காலடியில் வைத்து வாசலில் நின்றேன்.

நிற்கக்கூடாதென்று அறிந்தவன் நான். வெளிநாட்டு நகரமொன்றில் சுரங்க ரயில் பெட்டிகளை வடிவமைத்து ஓய்வுபெற்றவன். ரயிலில் எத்தனை பேர் போகலாம் என்பதை இருக்கைகள் தீர்மானிப்பதில்லை. கதவின் அகலமும் அதன் முன்னால் விடும் வெற்றிடமுமே தீர்மானிக்கின்றன. ஆட்கள் விரைவாக ஏறி இறங்கினால் அடுத்த ரயில் பின்னாலேயே வரலாம். இருக்கைகளைக் கூட்டும்படி மேலிடம் கேட்டபோது, பெட்டிக்கு ஒரு கதவைக் குறைத்து வரைந்து கொடுத்தேன்.

இந்த வண்டி தூரப் பயணத்துக்கானது. முனைகளில் ஒடுங்கிய வாசல்கள், நடுவே ஒருவர் நடக்கும் வழி. காலையில் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள் இதை நகர ரயிலாக்கிவிடுகிறார்கள்.

மாங்குளத்தில் ஒரு பெண், இரு கண்ணிலும் கட்டுப் போட்ட கணவரை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயா, உள்ளுக்குப் போங்கோவன்! நடுவிலை இடம் கிடக்கெல்லோ! கண் கிளினிக்குக்குப் பிந்தினால் இண்டைக்குப் பாக்கமாட்டினம்!"

"நாங்கள் என்ன இதிலை குடியிருக்கவே போறம், அக்கா? நாங்களும் இறங்கவேணும்" என்றார் பக்கத்தில் நின்றவர். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பெண் கணவரை முதலில் தள்ளி ஏற்றினார். அவர் என் மார்பில் மோதி நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு கால் வைக்கவும் இடமில்லை. வண்டி நகர்ந்தது.

"வசந்தி, தண்ணிப் போத்தல் உன்னட்டையோ?" என்று என் கையைப் பிடித்தபடி கேட்டார் அவர்.

"அவா ஏறேல்லை" என்றேன்.

"ஏன், உள்ளுக்கு இடமில்லையோ?"

"இருந்தது. நான் நகரேல்லை."

அவர் கையை விட்டுவிட்டுக் கதவுக் கம்பியைத் தடவிப் பிடித்தார். புளியங்குளமும் ஓமந்தையும் கடந்தன.

வவுனியாவில் எல்லோரும் இறங்கிய பின்பும் வண்டி நின்றுகொண்டேயிருந்தது. அவரைக் கைபிடித்து மேடையில் இறக்கினேன். "ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன்.

"வேண்டாம். போனும் அவாவிட்டைத்தான். பஸ்ஸிலை எண்டாலும் வருவா. நான் இந்த ஸ்டேஷனை விட்டுப் போனால் என்னை எங்கை தேடுவா?"

சற்றுத் தள்ளி நின்றேன். நான் வேலை செய்த அந்த வெளிநாட்டு நகரத்தில், ஏற முடியாமல் மேடையில் விடுபட்டவர்களுக்குச் சில நிமிடங்களில் அடுத்த ரயில் வரும். கதவைக் குறைத்ததற்கு அதைச் சொல்லியே என்னைத் தேற்றி வந்திருக்கிறேன். இங்கே கிளினிக்கில் பெயர் கூப்பிடும் நேரம் கடந்துகொண்டிருந்தது. அவர் அசையவில்லை.