நாலாவது செருப்பு

லண்டன் லூயிஷாம் சந்தையில் வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது சாவுச் செய்தி வந்தது. "அண்ணை மோசம் போயிட்டார்" என்று வானொலி நிலையத்திலிருந்து சொன்னார்கள். காயை வைத்துவிட்டு வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் தமிழ் வானொலியில் சனிக்கிழமை மாலை வினாவிடை நடத்திய ஞானச்செல்வம் அண்ணையை, நேயர்களே, நீங்கள் குரலால் அறிவீர்கள். உங்கள் அழைப்புகளை அவருக்கு இணைத்துக் கொடுத்தவள் நான்.

அமெரிக்காவின் பழைய வானொலி வினாவிடைகள் என்றால் அவருக்குப் பைத்தியம். வழியில் போகிறவரை மறித்து, பேரையும் ஊரையும் விசாரித்த பிறகே கேள்வி கேட்பார்களாம். "கேள்வி சும்மா ஒரு சாட்டு, பிள்ளை. சனத்தைக் கதைக்க வைக்கிறதுதான் வேலை" என்பார். அதனால்தான் நம் நிகழ்ச்சியில் கேள்விகள் பாதியிலேயே நின்றுவிடும்.

பிறகு அங்கே தொலைக்காட்சி வந்ததும், வேண்டியவர்களுக்கு முன்கூட்டியே விடையைச் சொல்லிக்கொடுத்து, கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று யோசிப்பதுபோல் நடிக்க வைத்தார்கள். அந்தக் கதையைச் சொல்லும்போது, சொந்த வீட்டில் களவு போனதுபோல் அவர் முகம் கறுத்துவிடும்.

அவருடைய கடைசிக் கேள்வி உங்களுக்கு மறந்திருக்காது. "கோயிலுக்குப் போனது ரெண்டு பேர். திரும்பி வந்தது மூண்டு செருப்பு. நாலாவது எங்கை?" பரிசு ஒரு சேலை, யாரும் சொல்லாவிட்டால் அடுத்த வாரம் இன்னொன்று சேரும். அதுவும் அமெரிக்க வழக்கம்தான் என்றார். நாய் தூக்கியது என்றீர்கள், கேணியில் விழுந்தது என்றீர்கள். சேலைகள் குவியக் குவிய, அவற்றைத் தந்த கடை முதலாளி கணக்குப் பார்க்கத் தொடங்கினார். "ஒருத்தருக்கும் தெரியாத கேள்வி எதுக்கு, அண்ணை?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

அந்த வாரம் விம்பிள்டன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியபடி அண்ணை என்னிடம் சொன்னார்: "ஊரிலை கோயிலுக்குப் போன அந்த ரெண்டு பேர் நானும் தம்பியும்தான். பிறகு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் எங்களை வேற வேற பாதையாலை அனுப்பினவன். நான் வந்து சேர்ந்திட்டன். அவன் எந்த நாட்டிலை இருந்தாலும் தமிழ் ரேடியோ கேப்பான்."

"அப்ப விடை ஒரு ஆளுக்குத்தான் தெரியும். நீங்களும் அந்தக் கூண்டுக்காரர் மாதிரித்தானே?" என்று சீண்டினேன்.

"ஓம். ஆனா அவன் இன்னும் ரேடியோவுக்குக் கோல் எடுக்கேல்லையே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் தொலைபேசி அடித்தால் எனக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

போன சனிக்கிழமை அவர் நாற்காலியில் நான் இருந்தேன். அவர் குரல் ஒருமுறை கேட்காதா என்று ஏக்கமாக இருந்தது. முதலில் அழைத்த அம்மா, "இனியெண்டாலும் விடையைச் சொல்லு, பிள்ளை" என்றார். எனக்குத் தெரியாது, அம்மா. அண்ணை சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அவர் கேள்வி மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

தம்பி, சேலைகள் அப்படியே இருக்கின்றன. சனிக்கிழமை ஆறு மணிக்கு நான்தான் தொலைபேசி எடுப்பேன்.