எள்ளுக்கொள்ளு விற்காத நாலு டயர்

டயர்க்கடை அம்மாவுக்கு ‘எள்ளுக்கொள்ளு’ என்று பெயர் வைத்தவர் எதிர்ச்சாரி ஆணிக்கடைக்காரர். முகத்தில் இருபத்துநாலு மணி நேரமும் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தால் வேறு என்ன பெயர் வைப்பதாம்? பெயர் அவள் காதுக்கும் போயிற்று. அடுத்த வாரமே அவருடைய ஸ்கூட்டர் பஞ்சராகி அவள் கடை வாசலில் வந்து நின்றது. “வெடிக்கிற மூஞ்சிய்யா இது. பக்கத்துல வந்தா கண்ணுல தெறிச்சிடும். அப்படியே உருட்டிக்கிட்டுப் போ” என்று அனுப்பிவிட்டாள். மனிதர் மொட்டை வெயிலில் அடுத்த கடைவரை தள்ளிக்கொண்டு போனார். பெயர் மட்டும் போகவில்லை.

புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. அவன் விட்டுப்போனது இந்தத் தகரக்கூரைக் கடையும், காற்றடிக்கிற மிஷினும், நாலு வயதுப் பெண் குழந்தையும். “போறவன் போகட்டும், ஜாக்கியை விட்டுட்டுப் போனானே” என்றாள். அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டு டயர் கழற்றக் கற்றுக்கொண்டாள். உதவிக்கு வந்த ஆட்கள் யாரும் ஒரு மாதம் தாங்கவில்லை. வேலை கஷ்டமில்லை, அவள் வாய்தான் கஷ்டம்.

அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வண்டிக்கு சீட் கவர் மாற்றுவார்கள், வாசனை பாட்டில் தொங்கவிடுவார்கள், பாட்டுப்பெட்டி வைப்பார்கள். டயரை மாற்று என்றால் மட்டும் “இன்னும் ஆறு மாசம் தாங்காதா?” என்பார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “நாலு உள்ளங்கை அகலம் ரப்பர்தான்யா உன்னைத் தரையில பிடிச்சு வச்சிருக்கு. அதுல போய் கஞ்சத்தனமா?” என்று பாய்வாள்.

டயரைப் பார்க்க அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்துவாள். பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் நாலு எண்களைப் படிப்பாள். முதல் இரண்டு எண்கள் டயர் பிறந்த வாரம், கடைசி இரண்டு பிறந்த வருஷம். தேறினால் சாக்பீஸால் உள்பக்கம் ஒரு வட்டம், தேறாவிட்டால் பெருக்கல் குறி. மகள் எண் படித்ததே அந்த நாலு எண்களில்தான். பள்ளிக்கூட வேனில் ஏறுவதற்கு முன் அவள் குனிந்து பார்ப்பாள். வட்டம் இல்லாவிட்டால் ஏறமாட்டேன் என்று ஊரைக் கூட்டுவாள். கடைசியில் வேன்காரர் தொல்லை தாங்காமல் எள்ளுக்கொள்ளுவிடமே டயர் மாற்ற ஆரம்பித்தார்.

அந்த மகள் வளர்ந்து, மூக்குக் கண்ணாடி வாங்கப் போன இடத்தில் கண்ணாடிக் கடைக்காரனையே பிடித்துக்கொண்டு வந்தாள். நல்ல பையன்தான். பெற்றோருடன் பெண் கேட்டு வந்தான். வந்தது ஒரு குட்டி சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில். அதில் இரண்டு பேர்தான் உட்காரலாம் என்பதால் பெற்றவர்கள் பின்னால் டாக்ஸியில் வந்தார்கள். வாசலுக்கு வந்த எள்ளுக்கொள்ளு, வந்தவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து அவன் டயரைப் பார்த்தாள். நகத்தை வைத்தாள். கல் மாதிரி இருந்தது. நாலு எண்களைப் படித்தாள். பத்து வயது. நிமிர்ந்து, சம்பந்தியாகப் போகிறவர்கள் காதுபடவே சொன்னாள்: “இந்த டயரைப் போட்டுக்கிட்டுத் திரியறவனுக்கா என் பொண்ணைக் கொடுப்பேன்?”

பையனின் அம்மா டாக்ஸியில் இருந்து இறங்கக்கூட இல்லை. மகள் கத்தினாள்: “மனுஷனைப் பாரும்மா! டயரைப் பார்க்காதே!” அன்றைக்கு வீட்டை விட்டுப் போனவள்தான். ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம். தேதி சொல்லி அனுப்பியும் எள்ளுக்கொள்ளு போகவில்லை. “இனிமே அவர் உங்க மாப்பிள்ளைதானே” என்று வாயைக் கொடுத்த ஆணிக்கடைக்காரரிடம், “அந்த வார்த்தை என் வாயில வராது” என்று சீறினாள். பதினோரு மாதம் அம்மாவும் மகளும் பேசவில்லை.

ஆனால் மழை வருமே. தகரக்கூரையில் முதல் துளி விழுந்ததும் அவள் வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்ப்பாள். அந்தக் கல் டயரில், வழுக்குகிற தார் ரோட்டில், தன் பெண் உட்கார்ந்து போகிறாள் என்பது ஒன்றே நினைவு. கல்யாணம் ஆன வாரமே அந்த காரின் சைஸில் நாலு டயர் வரவழைத்து, பரணில் துணி போட்டு மூடி வைத்தாள். வேறு யாராவது கேட்டால், “விற்கிறதுக்கு இல்ல” என்பாள். யாருக்கு என்று கேட்டவர்களுக்குக் கிடைத்தது வசவு.

பன்னிரண்டாவது மாதம் ஒரு புதன்கிழமை காலை அந்தச் சிவப்பு கார் கடை வாசலில் வந்து நின்றது. இறங்கியவன் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“டயர் மாத்தணும்.”

“கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா, கண்ணாடிக்காரரே?”

“சண்டை போட வரல. மூணு கடையில கேட்டுட்டேன், இந்த சைஸ் எங்கயும் இல்ல. உங்க பரண்ல இருக்குன்னு ஆணிக்கடைக்காரர் சொன்னார்.”

எள்ளுக்கொள்ளு எதிர்ச்சாரியைப் பார்த்த பார்வையில் ஆணிக்கடைக்காரர் தராசுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

அவன் போனை நீட்டினான். அதில் பளபளவென்று ஒரு டயர் படம். “நான் வேணும்னு நினைச்சது இது. ரேஸ்ல ஓடறவங்க போடறது. ரோட்டை அப்படியே கவ்வுமாம்.”

“காய்ஞ்ச ரோட்டைக் கவ்வும். ஈரத்துல? இதுல தண்ணி போக வழி எங்க இருக்கு? மொழுமொழுன்னு இருக்கு. தேஞ்ச செருப்போட பாத்ரூம்ல நடந்து பார்த்திருக்கீங்களா?”

“எல்லாரும் நல்லா எழுதியிருக்காங்க.”

“எழுதினவன் வந்து உங்க பிரேக்கைப் பிடிப்பானா?”

“சரி, அப்ப முன்னாடி ரெண்டு மட்டும் மாத்துங்க. பின்னாடி இருக்கறதுல ரப்பர் பட்டன் எல்லாம் தேயாம அப்படியே இருக்கு பாருங்க.”

“பட்டன் இருக்கு. ரப்பர் செத்துப் போச்சு.” ஒரு சின்ன உளியின் முனையால் டயரின் பள்ளத்தை விரித்துக் காட்டினாள். மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. “எப்பவாவது மட்டும் வெளியில எடுத்து, மத்த நாள் மூடி வச்சா பட்டன் தேயாது. வயசு ஆகாம இருக்குமா? ஊருக்கெல்லாம் கண்ணாடி போடறவருக்கு இது தெரியலையே! முன்னாடி புதுசு பிடிச்சு நிக்கும், பின்னாடி பழசு வழுக்கிக்கிட்டுப் போகும். வண்டி பம்பரமா சுத்தும்.”

‘சுத்தும்’ என்றதும் அவன் முகம் சட்டென்று மாறியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அவள் கண் காருக்குள் போயிருந்தது. பக்கத்து சீட்டில் கண்ணாடி ஃபிரேம் பெட்டிகள் அடுக்கி, அவற்றுக்கு பெல்ட்டும் போட்டிருந்தது.

“என் பொண்ணு உட்கார்ற இடத்துல பெட்டியா? அவளை டிக்கியிலயா ஏத்துவீங்க?”

அவன் உள்ளே கைவிட்டு, பெட்டிகளின் பெல்ட்டை இன்னும் இறுக்கினான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது. பெட்டிகளை எல்லாம் வாரி வெளியே பெஞ்சில் போட்டாள். ஜாக்கியை வைத்து காரைத் தூக்கி, பெட்டிகள் இருந்த பக்கத்து முன்சக்கரத்தைக் கழற்றினாள். திருப்பிப் பார்த்தாள். டயரின் உள்பக்கம் கோழிமுட்டை அளவுக்குப் புடைத்திருந்தது.

“இது இடிச்ச வீக்கம். எங்க இடிச்சீங்க?”

“ரவுண்டானாவுல. நேத்து சாயங்காலம். சும்மா தூறல்தான். வண்டி சுத்திப் போய் கல்லுல மோதிடுச்சு.”

எள்ளுக்கொள்ளு டயரை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். “அவ வண்டியில இருந்தாளா?”

“இல்ல.”

“பொய் சொல்லாதீங்க. அவளுக்கு அடி பட்டிருக்கா? எந்த ஆஸ்பத்திரி?”

“இல்லைங்கறேன்ல!” அவனும் கத்திவிட்டான். “அவ என்னைக்கு இந்த வண்டியில ஏறினா, நேத்து ஏறறதுக்கு? பதினோரு மாசமா பஸ்லதான் வேலைக்குப் போறா, வர்றா. கல்யாணம் முடிஞ்சு ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல கார் கதவைத் திறந்து விட்டேன். குனிஞ்சா. நாலு சக்கரத்தையும் உள்பக்கம் எட்டிப் பார்த்தா. ‘எங்கம்மா வட்டம் போடல, நான் பஸ்ல வர்றேன்’னுட்டா. கல்யாணத்தன்னைக்கு! எங்கம்மா, எங்கப்பா எல்லாரும் பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. உங்ககிட்ட பேசவும் மாட்டாளாம், நீங்க சொன்னதை மீறவும் மாட்டாளாம். எனக்கு எரியுமா எரியாதா? அந்த வீம்புலதான் மாத்தாம வச்சிருந்தேன். போதுமா?”

எள்ளுக்கொள்ளுவுக்கு அழுகை வந்தது. மகள் உயிரோடும் முழுசாகவும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்திருக்கிறாள் என்ற நிம்மதி ஒரு பக்கம். மனிதனைப் பார்க்காமல் டயரைப் பார்த்த தன்னை அந்தப் பெண் அந்த அளவுக்கு நம்பியிருக்கிறாள் என்ற வெட்கம் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே சமயத்தில் தாங்கிப் பழக்கமில்லாததால், தெரிந்ததைச் செய்தாள்.

“பதினோரு மாசம் மழையில பஸ்ஸுக்கு நின்னாளா? அறிவு இருக்கா அவளுக்கு? நீங்களாவது ஒரு ஆட்டோ பிடிச்சுக் கொடுக்கக் கூடாதா? என்ன மனுஷன்யா நீங்க!”

“என்னைத் திட்டறதுக்கு உங்களுக்கு ஏதாவது ஒண்ணு வேணும்” என்றான் அவன். “மேல என்ன இருக்கோ அதையே போடுங்க.”

ஏணி போட்டுப் பரணில் ஏறி, துணியை உருவி, நாலையும் இறக்கினாள். பார்வைக்கு ஒன்றும் விசேஷமில்லாத டயர்கள்தான். ஆனால் நடுவில் ஆழமாக, தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டினாற்போலப் பள்ளங்கள். அவன் ஒன்றைத் திருப்பி நாலு எண்களைத் தேடிப் படித்தான். தங்கள் கல்யாணம் நடந்த வருஷம். பரணில் கிடந்த தூசித் துணியையும் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். ஏதோ கேட்க வாயைத் திறந்தான்.

“இருந்துச்சு. அவ்வளவுதான்” என்று வெட்டினாள் அவள்.

இடித்த சக்கரத்தை மிஷினில் சுற்றவிட்டு, ரிம் வளையவில்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். நாலையும் மாட்டி, காற்று வைத்து, நட்டுகளை முறுக்கினாள். பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டு மண்டி போட்டாள்.

“இன்னும் கொஞ்சம் பெருசா போடுங்க. அவ குனிஞ்சு பார்ப்பா.”

“அவளுக்குக் கண்ணாடி போட்டது நீங்கதானே? ஒழுங்கா போட்டிருந்தா தெரியும்.”

நாலு வட்டங்கள். கடைசி வட்டம் கொஞ்சம் கோணலாக வந்தது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். பக்கத்து சீட்டில் படிந்திருந்த தூசியை ஈரத்துணியால் இரண்டு முறை அழுத்தித் துடைத்தாள்.

“நூறு கிலோமீட்டர் ஓடினதும் நட்டை மறுபடி முறுக்கிப் பார்க்கணும். வரும்போது ரெண்டு பேரா வாங்க. ஒத்தையா வந்தா வண்டியைத் தொடமாட்டேன்.”

அவன் தலையாட்டினான். பெஞ்சில் கிடந்த பெட்டிகளை வாரிக்கொண்டு வந்து, துடைத்த சீட்டைப் பார்த்தபடி தயங்கி நின்றான்.

“அப்ப இதையெல்லாம் எங்க வைக்கறது?”

“உங்க தலையில வைங்க, மாப்பிள்ளை.”