டினோஷா விடுதியின் ஆற்றுப் பக்க அறை

கல்லடியில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் அந்த மாடிவீட்டின் மதிலில் ஒரு நீலப் பலகை தொங்கும். அதில் ‘டினோஷா விடுதி’ என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும். ஆடி, ஆவணி மாதங்களில் மட்டக்களப்புக்கு வந்து போகிறவர்களில் அந்தப் பலகையோடு நின்று படம் பிடிக்காதவர் குறைவு. ஆனால் டினோஷா யாரென்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், அது தன்னுடைய ஒரே மகள், இந்த வீடே அவளுடையதுதான் என்று நோபேட் வாய் நிறையச் சொல்லியிருப்பார். சொல்லிவிட்டு, காலையில் இடியப்பமா பிட்டா என்று கேட்டிருப்பார்.

நோபேட்டுக்கு அறுபத்துநான்கு வயது. அவருடைய வாழ்க்கையில் பாதி, அடுத்தவர் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றே போனது. கட்டாரில் ஒரு பெரிய ஹோட்டலில் பதினேழு வருடம் பரிமாறினார். வந்தவர் தண்ணீர் கேட்பதற்கு முன்னே போத்தலோடு நிற்கவேண்டும், ஒருமுறை வந்தவர் மறுமுறை வரும்போது அவருக்கு முட்டை எப்படி வேண்டுமென்பது ஞாபகம் இருக்கவேண்டும் என்பதெல்லாம் அங்கே படித்த பாடம். எந்த நாட்டுக்காரருக்கு எத்தனை நிமிடம் அவிந்த முட்டை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஒருமுறை லீவில் வந்து மகளுக்கு ஆசையாக முட்டை பொரித்து வைத்தபோது, அவள் முட்டையே தொடமாட்டாள் என்று மனைவி செசீலியாதான் சொல்லவேண்டியிருந்தது. அப்போது டினோஷாவுக்கு ஒன்பது வயது.

அந்தப் பதினேழு வருடமும் இந்த வீடாக எழும்பியது. எங்கள் பக்கத்தில் மகளைக் கட்டிக் கொடுக்கும்போது வீட்டையும் சேர்த்துக் கொடுப்பதுதான் வழக்கம். மருமகன் வந்து அந்த வீட்டில் குடியிருப்பார். தாயும் தகப்பனும் பின்வளவில் ஓர் அறையும் குசினியுமாகப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். நோபேட்டும் முறை பிசகாமல் வீட்டு உறுதிப் பத்திரத்தை மகளின் பெயரில் எழுதினார், பின்வளவில் சின்ன வீடும் கட்டினார். மாப்பிள்ளை டிலுக்ஷன் லண்டனில் வேலை. கல்யாணம் முடிந்து மூன்று மாதத்தில் டினோஷாவும் போய்விட்டாள். புது வீடு, பூட்டுப் போட்டபடி கிடந்தது.

பிறகு ஓர் ஆவணியில், ஊரெல்லாம் திருவிழாவாயிருந்த சமயம், ஒரு பிரெஞ்சுக்காரத் தம்பதி எந்த ஹோட்டலிலும் இடம் கிடைக்காமல் பையும் கையுமாக வீதியில் நின்றார்கள். நோபேட்டால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. மேல்வீட்டைத் திறந்துவிட்டார். செசீலியா பிட்டும் இறால் குழம்பும் வைத்தாள். அவர்கள் ஊருக்குப் போய் இணையத்தில் எழுதிய புகழ்ச்சியைப் படித்த அன்றைக்குத்தான் எல்லாம் தொடங்கியது. இரண்டு வருடத்தில் ஐந்து அறைகள். மகளிடம் தொலைபேசியில் சொன்னார். சும்மா பூட்டிக் கிடப்பதற்கு இது நல்லதுதானே அப்பா என்றாள் அவளும். அவள் அப்படிச் சொன்னது உண்மை. பின்னாளில் நோபேட் இதைச் சாட்சி கூப்பிடுவதுபோல் கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

மனிதருக்குப் பணப்பேய் பிடித்ததென்று யாரும் நினைக்கவேண்டாம். அவருக்குப் பிடித்தது வேறு பேய். வந்து போனவர்கள் இணையத்தில் போடும் புள்ளி. பத்துக்கு ஒன்பது தசம் ஆறு. காலையில் செபமாலையை எடுக்கும் முன்பே போனை எடுத்து அதைத்தான் பார்ப்பார். ஒருமுறை ஒரு ஜெர்மன்காரி, விடியற்காலையில் சேவல் கூவுகிறது என்று புள்ளியைக் குறைத்துவிட்டாள். அடுத்த வீட்டுச் சேவலுக்கு நோபேட் விலை பேசப் போனது கல்லடி முழுக்கத் தெரிந்த கதை.

போன வருடம் வைகாசியில் டினோஷா பேசினாள். ஏழு வருடம் ஊருக்கு வராதவள், பள்ளிக்கூட லீவுக்கு இரண்டு மகள்மாரையும் கூட்டிக்கொண்டு ஆவணி ஆறாம் திகதி வருகிறாள். அதைவிடப் பெரிய சங்கதி ஒன்றும் இருந்தது. டிலுக்ஷனுக்கு இனி வீட்டிலிருந்தே வேலை செய்யலாமாம். பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துகொண்டு போகிறதாம்.

“அப்பா, ஒரு வருசம் அங்க வந்து இருந்து பாப்பமெண்டு யோசிக்கிறம். மேல்வீடு மட்டும் இருந்தா எங்களுக்குக் காணும். நான் வந்து பாத்திட்டுத்தான் முடிவு சொல்லோணும்.”

நோபேட்டுக்குக் கால் நிலத்தில் படவில்லை. தெரு முழுக்கச் சொன்னார். பேத்திகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதென்று பங்குத்தந்தையிடம்கூட விசாரித்துவிட்டார். முன்பதிவுப் புத்தகத்தில் ஆறாம் திகதிக்கு நேரே, ஆற்றுப் பக்க அறையில், சிவப்புப் பேனையால் ‘மகள்’ என்று எழுதினார். வாவியை எங்கள் ஊரில் ஆறு என்றுதான் சொல்வோம். கல்யாணத்துக்கு முன் டினோஷா படுத்தெழும்பிய அறை அது. யன்னலைத் திறந்தால் பாலமும் தோணிகளும் தெரியும்.

ஆனி மாதம் கொழும்பிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. வாவியில் தோணிப் போட்டி, கரையில் சாப்பாட்டுக் கடைகள், பாட்டுக் கச்சேரி என்று மூன்று நாள் விழா வைக்கிறார்களாம். பதினாறு பேர் கொண்ட கூட்டம் ஒன்று வருகிறது. ஐந்து அறையும் வேண்டும், ஒன்று குறைந்தாலும் வேறிடம் பார்ப்பார்கள். ஆவணி மூன்றிலிருந்து ஒன்பது வரைக்கும்.

நோபேட் சிவப்பு எழுத்தைப் பார்த்தார். மூன்று நாள்தான் இடிக்கிறது. வெளியாள் கோபித்தால் புள்ளி குறையும், அது குறைந்தபடியே இருக்கும். மகள் கோபித்தால் ஒரு நேரம் பேசாமல் இருப்பாள், பிறகு சரியாகிவிடும். அப்படித்தான் அவர் கணக்குப் பார்த்தார். ஓம் என்று சொல்லிவிட்டார். பாசிக்குடாக் கடற்கரையில் ஒரு பெரிய ஹோட்டலில், சாப்பாட்டு மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏறாவூர் முனாஸ் அவருக்குக் கட்டார்க் காலத்துக் கூட்டாளி. அவரிடம் சொல்லி மகளுக்குக் கடலைப் பார்த்த நல்ல அறை ஒன்றை எடுத்துவைத்தார்.

மீன் வெட்டிக்கொண்டிருந்த செசீலியா அரிவாளை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

“அவட வீட்டுக்கு அவ வாறா. அதுக்கு நீங்க ஏன் ஹோட்டல் எடுக்கிற?”

மூன்று நாள்தானே, பிள்ளைகள் நீச்சல் குளத்தில் விளையாடட்டும் என்றார் நோபேட். மகளிடமும் அதைத்தான் சொன்னார், பரிசு கொடுப்பதுபோல.  சரியப்பா என்றாள் அவள்.

விமான நிலையத்திலிருந்து வந்த வான் அவர்களை நேரே பாசிக்குடாவில் இறக்கிவிட்டது. அன்று பின்னேரமே போய்ப் பார்ப்பதாகத்தான் நோபேட் சட்டையை மாற்றினார். அந்த நேரம் பார்த்துப் பதினாறு பேரும் நண்டுக் கறி கேட்டார்கள். மறுநாள் தண்ணீர் மோட்டார் நின்றது. அதற்கு மறுநாள் கச்சான் காற்று பலமாக அடித்ததால் தோணிப் போட்டியைத் தள்ளிவைத்தார்கள். இன்னும் இரண்டு நாள் நிற்கலாமா என்று கூட்டத்தின் தலைவர் கேட்டார். இல்லையென்று சொல்ல நோபேட்டுக்கு வாய் இருந்தது. அவர் ஒரு மூச்சுக்கூட யோசிக்காமல் ஓம் என்றுவிட்டார்.

செசீலியா நாளாந்தம் சோற்றுப் பெட்டியோடு பஸ் ஏறிப் போய்வந்தாள். நாலாம் நாள் திரும்பி வந்தவள் கைப்பையை இறக்காமலே சொன்னாள்.

“‘அம்மா, நான் எப்ப நம்மட வீட்ட வரலாம்’ எண்டு கேக்கிறாள். நான் என்ன சொல்ற?”

அன்றைக்கு முனாஸும் அழைத்திருந்தார். மகள் எல்லாரோடும் நல்லாகத்தான் பேசுகிறாளாம். ஆனால் மேசையில் எப்போதும் வாசல் தெரிகிற கதிரையில்தான் இருப்பாளாம். அண்ணன், நீங்க ஒருக்கா வந்திட்டுப் போங்க என்றார். நாளைக்கு வாறன் என்றார் நோபேட். நாளைக்கு என்று அவர் சொன்னது அது நாலாவது தடவை.

பதினோராம் திகதி, கூட்டம் புறப்படும் நாள். டினோஷாவும் பிள்ளைகளும் நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடு. ஆனால் பெரிய ஹோட்டலில் பதினொரு மணிக்கு அறையை விட்டுவிட வேண்டும். ஊரில் எல்லா ஹோட்டலின் நேரமும் மனப்பாடமாக வைத்திருக்கும் மனிதருக்கு, அந்த நேரம் தன் மகளுக்கும் உண்டென்பது தோன்றவே இல்லை. நண்பகலுக்கு விடுதியின் முன்கூடத்தில் ஒரே நெரிசல். போகிறவர்கள் சாவி கொடுக்கிறார்கள், புதிதாக வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு நிற்கிறார்கள். நோபேட் கண்ணாடியை மூக்கில் இறக்கி, பதிவுப் புத்தகத்தில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். யாரோ முன்னால் வந்து நின்றார்கள். சூட்கேஸ் சில்லுச் சத்தம் கேட்டது.

“வாங்க, வாங்க. பாஸ்போட்ட ஒருக்காத் தாங்க.”

நீலப் பாஸ்போட் ஒன்று மேசைக்கு வந்தது. திறந்தார். பிறந்த இடம் மட்டக்களப்பு என்றிருந்தது. பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினார்.

ஏழு வருடத்துக்குப் பிறகு மகளை நேரில் பார்த்தது அப்படித்தான். நோபேட் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். பேத்திமார் இருவரும் தாயின் இரு பக்கமும் ஒழுங்காக நின்றார்கள். அப்போதே அந்தப் புத்தகத்தை மூடி எறிந்துவிட்டு எழும்பியிருக்கலாம். அவர் எழும்பிக் கட்டிப்பிடித்தார்தான், உச்சி மோந்தார்தான். ஆனால் பின்னால் ஆட்கள் நின்றார்கள். வெளிநாட்டுப் பாஸ்போட் யாருடையதென்றாலும் எழுதவேண்டுமென்பது விதி. மறுபடி உட்கார்ந்து எழுதினார். பெயர், நாடு, இலக்கம் எல்லாம் எழுதினார். வந்த காரணம் என்ற கட்டத்தில் கை தன்பாட்டில் ‘சுற்றுலா’ என்று எழுதியது. டினோஷா அதைத் தலைகீழாக வாசித்துக்கொண்டு நின்றாள்.

அதன்பிறகு இரண்டு கிழமை நின்றார்கள். ஆற்றுப் பக்க அறைதான் கொடுத்தார். சண்டையில்லை, முகச்சுழிப்பில்லை. சண்டை பிடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று நோபேட் இப்போது நினைக்கிறார். காலையில் மற்றவர்கள் சாப்பிட்டு முடியும் வரைக்கும் அவர்கள் மாடியிலேயே இருந்தார்கள். கதவில் தொங்கிய அட்டையைப் படித்துவிட்டு, தாத்தா, பத்து மணிக்குப் பிறகும் சாப்பாடு தருவீங்களா என்று சின்னவள் கேட்டாள். நோபேட் மறக்காமல் டினோஷாவின் சாப்பாட்டுக் கோப்பையில் மட்டும் முட்டை வைக்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. இப்ப சாப்பிடுவனப்பா, பத்து வருசமாச் சாப்பிடுறன் என்றாள் அவள்.

ஒரு வருடம் வந்து இருக்கும் கதையை அவள் எடுக்கவேயில்லை. அவளே எடுக்கட்டும் என்று அவர் இருந்தார். புரட்டாதி முடியும் வரைக்கும் அறைகள் நிரம்பியிருந்தன. அதனால் அவர் வற்புறுத்தவும் இல்லை. புறப்படும் நாள் காலையில்தான், வான் வாசலில் நிற்க, கேட்டார்.

“மகள், மேல்வீட்டுக் கதை ஒண்டும் சொல்லயில்லயே?”

“உங்கட சீசன் நல்லாப் போகுதுதானேப்பா. அது போகட்டும்.”

அதைக் கேட்டதும் நோபேட்டுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது. புரட்டாதிப் பதிவுகளை இனிக் கலைக்கத் தேவையில்லை. ஒரு கணம்தான், அவ்வளவுதான். ஆனால் மகள் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு கணத்தை நினைத்துத்தான் அவர் இன்றைக்கும் மனம் வெந்துபோகிறார். மற்ற எல்லாவற்றுக்கும் ஏதாவது காரணம் சொல்லலாம், அதற்கு ஒன்றும் சொல்ல முடியாது.

அவர்கள் போனபின் செசீலியா அறையைக் கூட்டப் போனாள். கட்டில் விரிப்புகளைக் கழற்றி மடித்து, துவாய்களை அதன்மேல் அடுக்கி, சாவியை மேலே வைத்திருந்தாள் டினோஷா. நல்ல விருந்தாளிகள் அப்படித்தான் செய்வார்கள்.

ஐப்பசியில் மாரி பிடித்தது. வருவாரில்லை. ஐந்து அறையும் வெறுமனே கிடந்தன. நோபேட் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார், எதற்கென்று தெரியாமல். மகளைக் கூப்பிட்டு, மேல்வீட்டை முழுக்க ஒதுக்கிவிட்டேன், எப்போது வேண்டுமென்றாலும் வாருங்கள் என்றார். உண்மையாகவே ஒதுக்கியிருந்தார். மூத்தவள் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிவிட்டாளாம். பாப்பமப்பா என்றாள். கோபமில்லாத குரல்.

இந்த வருடம் பங்குனியில் ஒரு காலை, வழக்கம்போல் போனைக் கையில் எடுத்தார். இணையத்தில் ஒரு புதிய பதிவு வந்திருந்தது. ஆவணியில் ஐந்து இரவுகள், பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர், பெயர் டினோஷா டிலுக்ஷன். விசேட வேண்டுகோள் என்ற இடத்தில் ஒரு வரி எழுதியிருந்தது: ஆற்றுப் பக்க அறை, இருந்தால் நல்லது.

நோபேட் அதைச் செசீலியாவிடம் நீட்டினார். அவள் படித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “இந்தமுற இடமில்லாமப் போகக்கூடாதெண்டு வெள்ளனவே எழுதியிருக்கிறாள்” என்றாள்.

மகளைக் கூப்பிடலாமென்றால் லண்டனில் இன்னும் விடியவில்லை. ஏற்காவிட்டால், இரண்டு மணித்தியாலத்தில் விடுதியில் இடமில்லை என்று அவளுக்குத் தானாகவே அறிவித்தல் போய்விடும். ஏற்றால் அவள் விருந்தாளி. நோபேட் கதிரையில் இருந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தேத்தண்ணி ஆறிப்போனது. கடைசியில் ஏற்றுக்கொள் என்ற பொத்தானை அமத்தினார்.

அமத்தியவுடன், எந்தக் காலத்திலோ அவரே உட்கார்ந்து எழுதிப் போட்டிருந்த கடிதம் மகளுக்குப் போனது. டினோஷா விடுதி தங்களை அன்போடு வரவேற்கிறது, வரும்போது பாஸ்போட்டை மறக்காமல் கொண்டுவரவும். அதைத் திருப்பி எடுக்கும் வழி நோபேட்டுக்குத் தெரியவில்லை.